விரதம் தொடங்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள்

விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தம். கருவி காட்டிய ஐ.என்.ஆர்., அதாவது இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று சொல்லும் எண், 1.6. அந்த அம்மாவுக்கு இருக்க வேண்டியது 2.5 முதல் 3.5 வரை. இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு இயந்திர வால்வு பொருத்தப்பட்டவர். வால்வில் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்து, மூன்று ஆண்டுகளாக எண் பிசகாமல் காத்து வந்தவர்.

"மாத்திரையை ஒரு நாள்கூட விடவில்லை, தம்பி" என்றார். பதிவுப் புத்தகமும் காலி அட்டைகளும் அவர் சொன்னது உண்மை என்றன. பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். தைப்பூச விரதமாம். பினாங்கு தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்க வேண்டுதல். மீன் குழம்பை நிறுத்தியாயிற்று. வாசலில் தழைத்து நிற்கும் முருங்கையிலிருந்து தினமும் ஒரு கைப்பிடி கீரை, அது இல்லாத நாளில் பாயாம் கீரை.

அங்கேதான் விடை இருந்தது.

மலாயில் 'உபாட் சாயிர் டாரா' என்று கேட்டுப் பழகி, நம்மவர்களும் வார்ஃபரினை 'இரத்தத்தை நீராக்கும் மருந்து' என்கிறார்கள். இரத்தம் நீராவதில்லை. ஏற்கெனவே உறைந்த கட்டியை அது கரைப்பதுமில்லை. கல்லீரல் வைட்டமின் கே-யைக் கொண்டு உறைவுப் புரதங்கள் சிலவற்றை ஆக்குகிறது. பயன்பட்ட வைட்டமினை உடல் புதுப்பித்து மறுபடியும் எடுத்துக்கொள்கிறது. அந்தப் புதுப்பித்தலைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது. கீரையில் வைட்டமின் கே ஏராளம். தட்டில் அது கூடினால் அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் பலன் குறைவு. வால்வின் மேல் இரத்தம் உறைந்து, அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம்.

அன்றே மருத்துவரிடம் பேசினோம். வார்ஃபரின் அளவைக் கூட்டி, எண் ஏறும்வரை இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியை வயிற்றுத் தோலடியிலும் போடச் சொன்னார். வார்ஃபரினின் மாற்றம் முழுதாகத் தெரியச் சில நாள்கள் ஆகும். ஊசி சில மணி நேரத்திலேயே வேலை செய்யும்.

எனக்கு இன்னும் கவலை தந்தது பூசத்துக்கு அடுத்த வாரம். கீரை குறைந்து பழைய சாப்பாடு திரும்பும். கூட்டிய மாத்திரை அப்படியே நிற்கும். எண் தாறுமாறாக ஏறி இரத்தக் கசிவில் போய் நிற்கலாம். கறுத்த மலம், நிற்காத மூக்கு இரத்தம், தலையில் அடி, இவற்றில் எது நேர்ந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லி, மறு பரிசோதனைக்கும் நாள் குறித்துக் கொடுத்தேன்.

கீரையை அடியோடு விட்டுவிட வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே அளவில் சாப்பிடுங்கள். அதற்கேற்ப மாத்திரையை நாங்கள் அமைத்துத் தருகிறோம்.

அலகு குத்தலாமா என்றும் கேட்கிறார்கள். வார்ஃபரின் எடுப்பவர் குத்தக் கூடாது. அதற்காக நான்கு நாள் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. பால்குடம் எடுங்கள், முருகன் அதைக் குறைவாக எண்ணமாட்டான் என்றே நான் நம்புகிறேன். நடந்து முடித்த மூட்டு வலிக்கு டைக்லோஃபினாக் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். டான்ஷென், டாங் குவாய் கலந்த சீன மருந்தும் வேண்டாம். இவை இரத்தக் கசிவைத் தூண்டும்.

"கீரைக் கட்டுப்பாடு இல்லாத புது மாத்திரை இருக்கிறதாமே?" இருக்கிறது. ரிவரோக்சபான், அபிக்சபான், டபிகட்ரான். காலில் இரத்தம் கட்டியவர்கள் பலருக்கு இவை நல்ல வழி. இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு அல்ல. அவர்களுக்கு டபிகட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. வார்ஃபரின் எடுத்தவர்களைவிட இவர்களுக்கு இரத்தம் கட்டுவதும் அதிகம், கசிவதும் அதிகம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது என்று மாற்றிக்கொள்ளாதீர்கள்.

இந்த ஆண்டு அந்த அம்மா விரதத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே வந்துவிட்டார். கையில் ஒரு தாள், அதில் கிழமை வாரியாகச் சமையல். செவ்வாயும் வெள்ளியும் முருங்கைக்கீரை, மற்ற நாள்களில் பூசணியும் வெள்ளரியும்.