992 பேரும் நூறு கோடி பேரும்

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஓர் உயர்தர மாணவி கேட்டிருந்தார்: "இந்தியாவில் நூறு கோடிக்கு மேல் கைத்தொலைபேசி இணைப்புகள். அத்தனை பேருக்கும் அலை போதுகிறது. சனம் குறைந்த எங்கள் ஊரில் மட்டும் பின்னேரமானால் ஏன் ஒரு வீடியோவும் ஓடுதில்லை?"

முதலில் ஒரு கணக்கு. இந்தியாவில் போன் பெருகியது 2ஜி என்கிற இரண்டாம் தலைமுறைக் கைத்தொலைபேசி முறையின் தோளில் ஏறித்தான். அந்த முறைக்கு முதலில் ஒதுக்கிய 900 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் 124 அலைவரிசைகள். ஒவ்வொன்றிலும் மாறி மாறி எட்டுப் பேர் பேசலாம். 124ஐ எட்டால் பெருக்கினால் 992. நாட்டின் நடுவில் வானளாவிய ஒரு கோபுரத்தைக் கட்டி அதை எல்லோருக்கும் கேட்கும்படி கத்தவிட்டால், ஒரே நேரத்தில் பேசக்கூடியவர்கள் 992 பேர்தான். எங்கள் பக்கத்து முள்ளியவளை ஊருக்கே காணாது.

இதற்கு 1947இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வழி சொல்லிவிட்டார்கள். கோபுரத்தின் சக்தியைக் குறை. அதன் அலை சில கிலோமீற்றரில் தேய்ந்துபோகும். தேய்ந்த இடத்துக்கு அப்பால் அதே அலைவரிசையை இன்னொரு கோபுரத்துக்குக் கொடு. அயலில் உள்ளவற்றுக்கு மட்டும் வேறு வேறு அலைவரிசை. இப்படி நாடு முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். சனம் கூடினால் வட்டத்தை இன்னும் சுருக்கு. சென்னையின் நெரிசலான தெருக்களில் ஒரு வட்டம் சில நூறு மீற்றர்தான்.

1995 ஜூலை 31இல் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பேசியதுதான் அங்கே முதல் கைத்தொலைபேசி அழைப்பு. 2003 வரை வருகிற கோலுக்கும் காசு கட்ட வேண்டும். அது இலவசமானதும் இணைப்புகள் மளமளவென்று ஏறின. ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1984இல் அரசு சி-டொட் என்ற ஆய்வு மையத்தைத் தொடங்கி, குளிரூட்டி இல்லாமலே கிராமத்து வெயிலில் ஓடக்கூடிய 128 இணைப்புத் தொலைபேசி நிலையத்தை உள்ளூரிலேயே செய்வித்தது. பிறகு சென்னை ஐஐடியில் கம்பியில்லாக் கிராமத் தொலைபேசிக்குக் கோர்டெக்ட் என்ற முறை வந்தது. நமக்கும் கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. கட்டடத்துக்கு வருகிற காசில் ஒரு பங்கு இப்படியான வேலைக்கும் வந்தால் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, அந்த எட்டுப் பேர் எப்படி ஒரே அலைவரிசையில் பேசுகிறார்கள்? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். உங்கள் போன் தொடர்ந்து பேசுவதே இல்லை. குரலைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, 577 மைக்ரோசெக்கன் மட்டும் வாய் திறக்கும். பிறகு மற்ற ஏழு பேரின் முறை முடியும்வரை பொறுத்திருக்கும். செக்கனுக்கு ஏறக்குறைய 217 தடவை இப்படி. பழைய போனை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தால், மணி அடிக்க முன்னமே ரேடியோ 'டிட்டிடிட் டிட்டிடிட்' என்று உறுமுமே, அது இந்த முறை மாறலின் சத்தம்தான்.

இதில் ஒரு சிக்கல். அலை ஒளியின் வேகத்தில் ஓடினாலும், 35 கிலோமீற்றர் போய்வர 233 மைக்ரோசெக்கன் எடுக்கும். போன் தன் கடிகாரத்தைச் சரிசெய்வது கோபுரத்தின் அலையைக் கேட்டுத்தான். அதுவே பிந்தி வருகிறது. பதில் போய்ச் சேர இன்னொரு பிந்தல். அப்போது தூரத்துப் போனின் பேச்சு அடுத்தவரின் முறைக்குள் நுழைந்துவிடும். அதனால் கோபுரம் ஒவ்வொரு போனின் பிந்தலையும் அளந்து, "நீ இவ்வளவு முந்திப் பேசு" என்று கட்டளையிடுகிறது. தூரத்து விசுவமடுக்காரர் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வெள்ளெனவே புறப்படுவதைப் போல. நீங்கள் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டே பேசினால், ஏறக்குறைய 550 மீற்றருக்கு ஒரு தடவை இந்தக் கட்டளை மாறும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

கட்டளைக்கு ஒதுக்கிய எண்கள் 0 முதல் 63 வரை மட்டுமே. 63ஐ 550ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 35 கிலோமீற்றர். 2ஜியில் வழக்கமான எல்லை அது. திரையில் கோடுகள் காட்டினாலும், அந்தத் தூரத்தைத் தாண்டிய முல்லைத்தீவுப் படகிலிருந்து போகும் கோல் இணையாது. ஒருவருக்கே அடுத்தடுத்த இரண்டு பேரின் முறையைக் கொடுத்தால் தூரத்தை நீட்டலாம், ஆனால் பேசுவோர் தொகை பாதியாகும். தனுஷ்கோடி முனையில் நிற்பவரின் போன் இலங்கை வலையமைப்பைப் பிடிப்பது பலருக்குப் புதினம். தலைமன்னாரிலிருந்து அது ஏறக்குறைய 30 கிலோமீற்றர், இடையில் கடலும் தாழ்ந்த மணல்திட்டுகளும்தான். எல்லைக்குள்தான் வருகிறது.

4ஜி வேறு விதமாகப் பங்கிடுகிறது, தூர எல்லையும் பெரிது. ஆனால் ஒரு வட்டத்துக்குள் இருப்பவர்கள் ஒரே அலையைப் பங்குபோட வேண்டும் என்பது மாறவில்லை. நம் பக்கத்தில் வட்டங்கள் பெரியவை. ஒரு கோபுரம் பல ஊர்களைப் பார்க்கிறது. பாலையும் முதிரையும் நிற்கிற காட்டில் இலையிலுள்ள நீரும் அலையைக் குடிக்கும். பின்னேரம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வீடியோ திறந்தால் பங்கு சிறுத்துவிடும்.

கோபுரம் வந்தால் குருவி சாகும், தென்னை காய்க்காது என்று ஊரில் ஒரு பயமும் உண்டு. இந்த அலைக்கு மூலக்கூறுப் பிணைப்பை உடைக்கும் சக்தி கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள். கோபுரம் பக்கத்தில் இருந்தால் போன் சில மில்லிவாட்டில் முணுமுணுக்கும். தூரத்துக்குத் துரத்தினால் அதே 2ஜி போன் 2 வாட் வரை போட்டுக் கத்தும், அதுவும் உங்கள் காதோடு ஒட்டிக்கொண்டு.

ஆக, மாணவிக்குப் பதில்: கோபுரத்தை உயர்த்தச் சொல்லி மனு எழுத வேண்டாம். வட்டம் இன்னும் பெரிதாகி நெரிசல்தான் கூடும். இரண்டு ஊர்களுக்கு நடுவில் இன்னொரு கோபுரம் கேளுங்கள். அந்தக் கோபுரத்தை வெளியுலகோடு இணைக்க ஃபைபர் என்கிற கண்ணாடியிழைக் கம்பி வருமா, அல்லது அடுத்த கோபுரத்தோடு நுண்ணலைத் தட்டில் கோத்துவிடப் போகிறார்களா என்றும் கூடவே கேளுங்கள்.