கரையான் குடைந்த குழல்

பச்சை மரத்தைக் கரையான் அரித்தாலும் வெளியில் ஒன்றும் தெரியாது. கிளை துளிர்க்கும், பூ பூக்கும். வைரம் பாய்ந்த நடுக்கட்டை உயிரற்ற திசு. கரையான் தின்பது அதைத்தான். சாறு ஓடும் வெளிவட்டத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. வடக்கு ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லேண்டில், ஸ்ட்ரிங்கிபார்க் எனப்படும் தைலமர வகை பலவும் இப்படி உள்ளே குழலாகி நிற்கின்றன. அங்கே வடகிழக்கில் வாழும் யோல்ங்கு பழங்குடியினரின் யிடாக்கி, அதாவது உலகம் டிஜெரிடூ என்று அறிந்த ஊதுகருவி, இந்த மரங்களிலிருந்தே பிறக்கிறது.

எந்த மரம் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். பெரியவர் அடிமரத்தைத் தட்டுகிறார். ஓசை மந்தமாக இருந்தால் நகர்ந்துவிடுகிறார். உள்ளே வெற்றிடம் என்று பட்டால் கோடரியால் ஒரு சில்லை மட்டும் பெயர்த்து, சுவரின் கனத்தைப் பார்க்கிறார். சரியில்லை என்றால் மரம் அங்கேயே நிற்கும். உடன் வந்த இளைஞர்களும் தட்டிக் கேட்கிறார்கள். பாடம் நடப்பது அங்கேதான். வெட்டியபின் பட்டையை உரித்து, உள்ளே ஒட்டியிருக்கும் கரையான் மண்ணைக் கோலால் இடித்துத் தள்ளி, வெளிப்புறத்தைச் செதுக்குவார்கள். ஊதும் முனை அகலமாக இருந்தால் கொட்டாத தேனீயின் மெழுகால் விளிம்பு கட்டுவதும் உண்டு.

ஒரு முனையை உதடு அடைத்துக்கொள்வதால், குழலின் நீளம் அடிப்படை ஒலியலையின் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு. 1.4 மீட்டர் நீளமுள்ள சீரான குழலுக்குக் கணக்கிட்டால் சுமார் 60 ஹெர்ட்ஸ் வரும். குழல் சீராக இருந்தால் அடுத்த ஒத்ததிர்வு, அதாவது குழல் இயல்பாக வலுத்து ஒலிக்கும் அடுத்த அதிர்வெண், அதைப்போல் மூன்று மடங்கில் அமையும். கரையான் குடைந்த துளையோ அடியில் விரிந்து, இடையில் நெளிந்து போகிறது. அதனால் மேல்சுரம் மரத்துக்கு மரம் இடம் மாறுகிறது. உதட்டை இறுக்கி யோல்ங்கு கலைஞர்கள் எழுப்பும் அந்த உயர்ந்த சுரம் அவர்களின் இசைக்கு உயிர்நாடி. துளைப்பான் போட்டுச் செய்த கடைக் குழல்களை அதற்கு ஈடாக நான் ஏற்கமாட்டேன்.

அடிச்சுரம் ஒன்றே, ஆனால் கேட்பதோ நூறு விதம். காரணம் ஊதுபவரின் வாய். 2005-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் இதை விளக்கினார்கள். உதட்டின் அதிர்வு குழலுக்குள் மட்டுமல்ல, வாய்க்குள்ளும் செல்கிறது. வாயும் தொண்டையும் வலுவாக எதிர்க்கும் அதிர்வெண்கள் குழலுக்குள் போகாமல் அமுங்குகின்றன. இடைப்பட்டவை ஓங்கி ஒலிக்கின்றன. நாக்கு அசைய அசைய இந்த அமைப்பு மாறுகிறது, முக்கியமாக 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். மூச்சு அறாமலிருக்க, கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளும்போதே மூக்கால் உள்ளிழுக்கிறார்கள்.

யோல்ங்கு சிறுவர்கள் தாளக்கோவைகளை முதலில் வாயாலேயே சொல்லிப் பழகுவது எவ்வளவு பொருத்தம்! இந்தக் கருவியில் விரலுக்கு வேலை இல்லை. நாக்கு போகும் வழியே பாடம். அந்தக் கோவைகள் பொதுச்சொத்தும் அல்ல. மணிக்காய் எனப்படும் பாடல்கள் ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனியே உரியவை. அவற்றோடு சேர்ந்த யிடாக்கிக் கோவைகளும் அப்படியே. சடங்கில் பில்மா என்னும் தாளக்கட்டைகளைத் தட்டிப் பாடகர் முன்செல்ல, ஊதுபவர் பின்தொடர்கிறார். எதை, எங்கே, யார் ஊதலாம் என்பதைக் குலத்தின் பெரியவர்களே முடிவு செய்கிறார்கள்.