முற்றுகைக்குப் பிறகு முதல் சாப்பாடு

பட்டினியால் மெலிந்த குழந்தைகளைப் பார்ப்பதுதான் என் வேலை. அதனாலோ என்னவோ, சூடானின் எல் ஃபாஷர் நகரம் பற்றிய செய்திகளில் புண்ணாக்கு என்று வந்த இடமெல்லாம் என் கண் நின்றுவிடும்.

2023 ஏப்ரலில் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். துணைப்படைக்கும் போர் மூண்டது. நாட்டின் மேற்கே உள்ள டார்ஃபுர் பகுதியின் மற்ற மாநிலத் தலைநகரங்கள் துணைப்படையின் கைக்குப் போன பிறகும் எல் ஃபாஷர் பணியவில்லை. 2024 மே முதல் முற்றுகை இறுகியது. அடுத்த ஆண்டு ஊரைச் சுற்றி மண்கரையே எழுப்பிவிட்டார்கள். முற்றுகையை நிறுத்தச் சொல்லி ஐ.நா. பாதுகாப்புச் சபை போட்ட தீர்மானத்தை யார் மதித்தார்கள்? 500 நாட்களுக்கு மேல் தாக்குப்பிடித்த ஊர் 2025 அக்டோபர் 26 அன்று வீழ்ந்தது.

அத்தனை நாளும் மக்களைக் காத்ததில் தன்னார்வலர்களின் பொதுச் சமையலறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தானியம் தீர்ந்ததும் அங்கே அண்டாவில் வெந்தது 'அம்பாஸ்'. கடலை எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்குதான், மாட்டுத் தீவனம். புரதம் இருக்கிறது, சரி. ஆனால் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். அதிலிருந்து வரும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் போகாது. நாங்கள் தரும் சிகிச்சை உணவும் கடலைதான் என்பது கொடுமை! கடலை விழுதில் பால் பொடி, சர்க்கரை, எண்ணெய், விட்டமின்கள் சேர்த்தது. ஒரு பாக்கெட்டில் 500 கலோரி.

அதையும் எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது. தப்பியவர்கள் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தவிலாவுக்கு நடந்தே வந்தார்கள். இப்படி வருபவர்களுக்கு வயிறு நிறையப் போட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் ஆபத்து. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் மிச்சமிருந்த பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் ஓடிவிடும். இதயம் நின்றே போகலாம்.

ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடுமையான ஊட்டக்குறைவு. அதோடு வீக்கமோ காய்ச்சலோ இருந்தால், சாப்பிடவே மறுத்தால், வார்டில் சேர்த்துவிடுவோம். 100 மில்லிக்கு 75 கலோரி மட்டுமே உள்ள பாலை, ஆரம்பத்தில் இரண்டு மணிக்கொரு தடவை, இரவிலும் எழுப்பிக் கொடுப்போம். இரும்புச்சத்து மருந்து அப்போதைக்குக் கிடையாது. "இவ்வளவு கொஞ்சமா?" என்று அம்மாக்கள் கோபப்படுவார்கள், நியாயம்தான்.

தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்த அந்த அம்மாவுக்கும் இதே ஆபத்து உண்டு. பெரியவர்களை அவ்வளவாக யாரும் அளந்து பார்ப்பதில்லை. எத்தனை நாளாக அரைவயிறு என்று அவரிடமும் கேட்டுவிட்டு, தயமின் (விட்டமின் பி1) கொடுத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும்.