அப்ரண்டிஸ் பயிற்சி: கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை

ஐ.டி.ஐ., டிப்ளமோ அல்லது பட்டப்படிப்பு முடித்து முதல் வேலை தேடும் பலரை நிறுவனங்கள் 'டிரெய்னி' என்ற பெயரில் எடுத்துக்கொள்கின்றன. அவ்வாறு சேர்வதும், 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் அப்ரண்டிஸாகச் சேர்வதும் ஒன்றல்ல. சட்டப்படியான பயிற்சிக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். அது அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவாக வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். பதிவில்லாமல் ஓராண்டு உழைத்தால் அனுபவக் கடிதம் கிடைக்கலாம், ஆனால் ஐ.டி.ஐ. முடித்தவர் எதிர்பார்க்கும் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்காது.

ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள், அந்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்பது 2019இல் திருத்தப்பட்ட விதி. ஆகவே, இடம் இருக்கிறதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

அதே திருத்தம் மாத உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவைப் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என வகுத்தது. இத்தொகை அவ்வப்போது மாற்றப்படக்கூடியது என்பதால், சேரும்போது நடப்பிலுள்ள அளவை இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பலரும் அறியாத இரண்டு பாதுகாப்புகள் இச்சட்டத்தில் உள்ளன. அப்ரண்டிஸுக்குப் பீஸ் ரேட் கணக்கில், அதாவது செய்து முடிக்கும் பொருட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப, பணம் தரக்கூடாது. உற்பத்தி போனஸ் போன்ற ஊக்கத் திட்டங்களில் பங்கேற்குமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அதேபோல், இச்சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதலின்றி அவரை ஓவர்டைம் பார்க்க வைக்கக்கூடாது. அந்த நேரம் பயிற்சிக்கோ பொதுநலனுக்கோ பயன்படும் என்று தோன்றினால் மட்டுமே ஆலோசகர் ஒப்புதல் தரலாம். ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க அப்ரண்டிஸை இரண்டாவது ஷிப்டிலும் நிறுத்திவைக்கும் வழக்கம், எத்தனை இடங்களில் நடந்தாலும், சட்டத்துக்குப் புறம்பானதே.

இவற்றுக்கு மறுபக்கமும் உண்டு. சட்டத்தின் பார்வையில் அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர், ஆதலால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தமும் அவற்றின் பலன்களும் அவருக்கு இல்லை. எனினும் ஆலையின் பாதுகாப்பு, சுகாதார ஏற்பாடுகள் அவருக்கும் பொருந்தும். பயிற்சியின் காரணமாகக் காயம் ஏற்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையது.

பயிற்சி முடிந்ததும் வேலை உறுதியா என்றால், ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, இல்லை. மற்ற தகுதிகள் சமமாக இருக்கையில், பயிற்சி பெற்றவருக்கு நேரடி விண்ணப்பதாரரைவிட முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் கூறியது. ரயில்வே தன் பணிமனைகளில் பயிற்சி முடித்த அப்ரண்டிஸ்களுக்கு லெவல் 1 எனப்படும் கடைநிலைப் பணிகளின் நேரடி நியமனங்களில் 20 சதவீதம் ஒதுக்குகிறது. ஆனால் அவர்களும் தேர்வு எழுதித்தான் அந்த இடங்களைப் பெற வேண்டும்.