சொல் விளக்கம்: கமிட்மென்ட்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துச் செய்திகளில் 'கமிட்மென்ட்' என்ற சொல் அடிக்கடி வரும். இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், தமக்கு விளையாட்டு உதவித்தொகை தருவதாகச் சொன்ன கல்லூரிகளுள் ஒன்றைத் தேர்ந்து, அங்கேயே சேர்வதாகப் பயிற்றுநரிடம் சொல்லி ஊரறிய அறிவிப்பதே கமிட்மென்ட் எனப்படுகிறது. அறிவித்தவரையே 'கமிட்' என்றும், பின்வாங்குவதை 'டீகமிட்' என்றும், கடைசி நேரத்தில் வேறு கல்லூரிக்குத் தாவுவதை 'ஃபிளிப்' என்றும் அங்கே வழங்குகிறார்கள்.

சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. 'கொம்' என்பது சேர்க்கையையும் 'மித்தெரே' என்பது அனுப்புதலையும் குறிக்க, இரண்டும் கூடிய 'கொம்மித்தெரே' ஒன்றைப் பிறர் வசம் ஒப்படைத்தல் என்ற பொருளைப் பெற்றது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கமிட்மென்ட் என்றால் ஒருவரைக் காவலில் ஒப்படைத்தல். தன்னைத் தானே ஒரு செயலுக்கு ஒப்புக்கொடுத்தல், உறுதிமொழி ஆகிய பொருள்கள் பின்னர் வந்தவை. இத்தனை கனமான பிறப்புடைய சொல், கல்லூரிக் கால்பந்தில் எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தாத வாய்ப்பேச்சைக் குறிக்கிறது என்பதே இதன் விந்தை.

உதவித்தொகை தருவதாகக் கல்லூரி சொல்வதைக் குறிக்கும் 'ஆஃபர்' என்ற சொல்லும் அப்படியே. ஒப்பந்தச் சட்டத்தில் ஒருவர் முன்மொழிந்ததை மற்றவர் ஏற்றால் உடன்பாடு பிறந்துவிடும். கால்பந்தில் அவ்வாறு பிறப்பதில்லை. என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிப்படி, மாணவர் பள்ளி இறுதி வகுப்பை எட்டும் ஆண்டின் ஆகஸ்ட் 1க்கு முன் உதவித்தொகைக் கடிதம் எழுத்தில் அனுப்பலாகாது. வாயால் சொல்வதற்கு அத்தகைய தடை இருந்ததில்லை. ஆகவே 2010இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பயிற்றுநர் லேன் கிஃபின், ஏழாம் வகுப்பில் படித்த 13 வயதுச் சிறுவர் டேவிட் சில்ஸுக்கு உதவித்தொகை தருவதாகச் சொல்ல, அவரும் ஏற்றுக்கொண்டார். 2013இல் கிஃபின் பணிநீக்கம் செய்யப்பட்டார்; சில்ஸ் இறுதியில் சேர்ந்தது மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில். கல்லூரிக் கால்பந்தின் முதன்மைப் பிரிவில் ஓர் அணிக்கு 85 உதவித்தொகைகளே என்ற வரம்பு 1994 முதல் நெடுங்காலம் இருந்தபோதும், கல்லூரிகள் தம்மிடம் இருந்த இடங்களைவிடப் பல மடங்கு மாணவரிடம் ஆஃபர் பேசிவைத்தன. 'ஏற்கத்தக்க ஆஃபர்' என்றே தனி வழக்கு அங்கே தோன்றியதிலிருந்து, ஏற்க இயலாத ஆஃபர்களும் உலவுகின்றன என்பது விளங்கும்.

மாணவர் தரப்பிலும் இதே நெகிழ்ச்சி உண்டு. நாட்டின் முன்னணி இளம் வீரர்களுள் ஒருவரான டிராவிஸ் ஹன்டர் 2020 முதல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'கமிட்'டாக இருந்து, 2021 டிசம்பரில், மாணவர்கள் எழுத்தில் ஒப்பமிடும் கையொப்ப நாளன்று, டியான் சாண்டர்ஸ் பயிற்றுவித்த ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். விதி எதுவும் மீறப்படவில்லை. நம் வீடுகளில் பேச்சு முடிந்து தாம்பூலம் மாற்றாத நிலை எதுவோ, ஏறக்குறைய அதுவே கமிட்மென்ட்.

தாம்பூலம் மாற்றுவது கையொப்பத்தில்தான். 1964இல் தொடங்கிய 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற கடிதத்தில் ஒப்பமிட்டபின் பிற கல்லூரிகள் அந்த மாணவரை நாடக் கூடாது என்றிருந்தது. அவர் விடுவிப்புப் பெறாமல் மாறினால் ஓராண்டு ஆட்டத் தகுதியை இழக்க நேர்ந்தது. பெயரளவில் வெறும் 'விருப்பக் கடிதம்', நடைமுறையிலோ கட்டுப்படுத்தும் பத்திரம். கமிட்மென்ட் கட்டுப்படுத்தாது, விருப்பம் கட்டுப்படுத்தும் என்னும் தலைகீழ் வழக்கு 60 ஆண்டு நீடித்தது. 2024 அக்டோபரில் அக்கடிதம் கைவிடப்பட்டது. இப்போது நிதியுதவி ஒப்பந்தமே கையொப்பமாகிறது. கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, அதில் இணைந்த கல்லூரிகளுக்கு 85 என்ற உதவித்தொகை வரம்பு நீங்கி, 105 வீரர் என்ற அணி வரம்பு வந்திருக்கிறது.

ஸ்காலர்ஷிப்புக்கு இலங்கையில் வழங்கும் 'புலமைப்பரிசில்' அழகான சொல்லாயினும் இங்கே பொருந்தாது. பரிசு கிடைப்பது புலமைக்கு அன்று. என்.சி.ஏ.ஏ. ஆவணங்களே 'கிராண்ட்-இன்-எய்ட்', அதாவது உதவி மானியம், என்றுதான் குறிப்பதால், 'விளையாட்டு உதவித்தொகை' என்பதே நேர்மையான பெயர். 1973 முதல் அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உதவியாக மட்டுமே இருந்தது. 2012இல்தான் பல்லாண்டு உதவிக்கு மீண்டும் இடம் கிடைத்தது.

இனி, கமிட்மென்டுக்குத் தமிழ் எது? பேச்சுத் தமிழில் அது மாதத் தவணையையும் காதலையும் குறிக்கும். ஒரு நடிகர் புதுப் படத்தில் 'கமிட்' ஆனார் என்றும் எழுதுகிறோம். அகராதிகள் தரும் 'கடப்பாடு' மீறக்கூடாத கடமையைச் சுட்டுவதால் விலகிப்போகிறது. 'அர்ப்பணிப்பு' மனநிலையைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. 'வாக்குறுதி' நெருங்கி வந்தாலும், வாக்குத் தவறுதல் தமிழில் பெரும்பழி; விதி அனுமதிக்கும் மாற்றத்தைச் செய்த 17 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பழியைச் சுமத்துவது தகாது. என் தேர்வு 'வாய்மொழி இசைவு'. இசைவு தெரிவிக்கலாம், இசைவை விலக்கிக்கொள்ளலாம். இரண்டுமே தமிழில் இயல்பான தொடர்கள். ஆஃபரை 'உதவித்தொகை அழைப்பு' என்றும், ஃபிளிப்பை 'இசைவு மாற்றம்' என்றும் கொண்டு, 'ஒப்பந்தம்' என்ற சொல்லைக் கையொப்பத்துக்கு மட்டும் ஒதுக்கிவைத்தால், எந்தச் செய்தி பேச்சளவில் நிற்கிறது, எது எழுத்தாகிவிட்டது என்பது வாசகருக்குக் குழப்பமின்றித் தெரியும்.