பேஸ்: சொல்லும் அடியொலியும்

ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "பேஸ் எப்படி இருக்கும்?" என்றுதான். ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்கும் இதே கேள்வி, ஐயாயிரம் ரூபாய்ப் பொருளுக்கும் இதே கேள்வி. பெட்டியின் மேலும் "டீப் பேஸ்", "எக்ஸ்ட்ரா பேஸ்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். சரி, பேஸ் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "தம் தம்முனு அடிக்குமே, அதுதான்" என்பார்கள். அது பாதிப் பதில்.

ஒலி எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்பதற்கும் பேஸுக்கும் தொடர்பில்லை. எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் பேஸ். ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய ஒலி கீழே போகும். மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட பகுதியைப் பொதுவாக பேஸ் என்கிறார்கள். மெல்ல மீட்டினாலும் தம்புராவின் கடைசித் தந்தி பேஸ்தான். காது கிழிய ஊதினாலும் விசில் பேஸ் ஆகாது.

சொல்லின் வேர் பிற்கால லத்தீனில் இருக்கிறது. அங்கே 'பாஸுஸ்' என்றால் குட்டையானது, தாழ்ந்தது. இத்தாலியர்கள் அதை 'பாஸோ' ஆக்கி, சேர்ந்து பாடுகிறவர்களில் ஆகக் கீழே பாடும் ஆண் குரலுக்குப் பெயராக வைத்தார்கள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டலை இத்தாலியைப் பார்த்து மாற்றிக்கொண்டது, உச்சரிப்பை மட்டும் மாற்றவில்லை. அடித்தளம் என்ற பொருளில் வரும் இன்னொரு 'பேஸ்' கிரேக்கத்திலிருந்து வந்தது. ஒலிதான் ஒன்று, வேர் வேறு. இதற்கு எதிர்முனையில் இருக்கும் 'டிரெபிள்' லத்தீனில் மும்மடங்கு என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. ஐரோப்பாவின் இடைக்காலக் கூட்டுப்பாடலில் மூன்றாவதாக மேலே சேர்ந்த குரலுக்கு அந்தப் பெயர்.

தமிழுக்கு வருவோம். இந்த விஷயத்தில் நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே வலிவு, மெலிவு, சமன் என்று மூன்று நிலைகளும் வந்துவிடுகின்றன. மெலிவு கீழே, சமன் நடுவே, வலிவு மேலே. கச்சேரி மேடையில் இதையே மந்தர ஸ்தாயி, மத்திய ஸ்தாயி, தார ஸ்தாயி என்கிறார்கள். வீட்டுப் பேச்சில் அடிக்குரல், கட்டைக்குரல், கீச்சுக்குரல் எல்லாம் உண்டு.

இவற்றில் எதை எடுப்பது? மெலிவு எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் "இந்த ஹெட்போனில் மெலிவு நன்றாக இருக்கிறது" என்று எழுதினால், ஒலி நலிந்து கிடக்கிறது என்றுதான் இன்றைக்குப் படிப்பவர் புரிந்துகொள்வார். மந்தரம் பாட்டுக்குப் பொருந்துகிறது, ஹெட்போனுக்கு ஒட்டவில்லை; மந்தம் என்றும் காதில் விழுகிறது. அதனால் நான் 'அடியொலி' என்று எழுதுகிறேன். அடிக்குரல், அடித்தொண்டை என்று வாயில் ஏற்கெனவே இருக்கிற 'அடி' இது, யாருக்கும் விளக்க வேண்டாம். நடுவொலி, மேலொலி இரண்டும் தாமாகப் பின்னால் வந்துவிடும்.

விலை குறைந்த ஹெட்போன்களை ஒப்பிடும்போதுதான் இந்தச் சொல்லின் அருமை தெரிகிறது. மிருதங்கத்தின் இடப்பக்கத்தைக் கவனியுங்கள். அதற்குத் தொப்பி என்று பெயர். கச்சேரிக்கு முன் அதன் நடுவில் ஈர ரவையை அப்புவார்கள். அந்தக் கனத்தில் தோலின் ஒலி கீழே இறங்கும். உள்ளங்கையைத் தேய்த்து வாசித்தால் 'கும்ம்' என்று ஒலி வளைந்து ஏறும். நல்ல அடியொலி உள்ள ஹெட்போனில் அந்த வளைவு தெரியும், ஒலி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதும் தெரியும். நடைபாதையில் நான் வாங்கிய ஒரு 'டீப் பேஸ்' இயர்போனில் தொப்பியின் எல்லா அடியும் ஒரே 'பொம்' ஆகிவிட்டது. கூடவே வயலினும் மங்கிப்போனது. கீழ் ஒலியை அளவுக்கு மேல் தூக்கினால் அது தனக்கு மேலே இருக்கும் ஒலிகளை மூடிவிடும். காதின் இயல்பே அப்படி.

தம்புரா இன்னும் நுட்பமான சோதனை. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகருக்குத் தம்புராவின் கடைசித் தந்தி தரும் கீழ் சட்ஜம் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரால் அந்த ஒலியைச் சரியாக எழுப்பவே முடியாது. ஆனாலும் சட்ஜம் நமக்குக் கேட்கிறது. கூடவே எழும் அதன் மடங்குகளான மேல் ஒலிகளைக் கேட்டு, விட்டுப்போன அடியை மூளையே நிரப்பிக்கொள்கிறது. சுரம் கேட்கும், கனம் இருக்காது. ஹெட்போனை மாட்டியதும் அந்தக் கனம் வந்து சேர்ந்தால் அடியொலி உண்மையிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், ஹெட்போனை இரு கையாலும் காதோடு லேசாக அழுத்திப் பாருங்கள். அடியொலி சட்டென்று கூடினால் பஞ்சு சரியாகப் படியவில்லை, இடைவெளி வழியே கீழ் ஒலி கசிகிறது. குறை பொருளில் இல்லாமல் பொருத்தத்திலும் இருக்கலாம்.

பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் காஸ் 1958-இல் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். அவருடைய நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ ஹெட்போன் 1984-இல் வந்தது. மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம், இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதைவிட விலை குறைந்தது, அதே நிறுவனத்தின், காதில் கொக்கிபோல மாட்டும் கேஎஸ்சி 75. இரண்டுக்கும் 15 முதல் 25,000 ஹெர்ட்ஸ், மின்தடை 60 ஓம் என்று ஒரே எண்களைத்தான் போட்டிருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் எந்த ஒலி எவ்வளவு தூக்கலாக வரும் என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. மாட்டிக் கேட்டால் இரண்டும் வேறு வேறு. எனக்குக் கேட்டதை இப்படித்தான் எழுதுவேன்: போர்ட்டா ப்ரோவில் அடியொலி கனமாக இருக்கிறது, நடுவொலியின் மேல் கொஞ்சம் சாய்கிறது, கேஎஸ்சி 75-இல் அடியொலி குறைவு, மேலொலி பளிச்சென்று இருக்கிறது, தொப்பியைவிட மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை நன்றாகக் கேட்கிறது.