தேடல் நோக்கம்: அந்த 'உள்' எதற்கு?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இப்போது இணையத்திலும் கடை விரித்திருக்கிறார். விளம்பர வேலை பார்த்துக் கொடுக்கிறவர்கள் அவருக்குத் தமிழில் ஒரு கையேடு அனுப்பியிருந்தார்கள். முதல் வரியே, 'வாடிக்கையாளரின் தேடல் உள்நோக்கத்தை அறிந்து உள்ளடக்கத்தை அமைக்கவும்.' போனில் கூப்பிட்டார். "ஏங்க, கொலுசு வாங்க வர்றவங்களுக்கு என்னங்க உள்நோக்கம் இருக்கப் போகுது?"

இந்த மாதத்தில் மட்டும் நான்காவது தடவையாக இந்தச் சொல் என் கண்ணில் படுகிறது. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

மூலம் 'சர்ச் இன்டென்ட்'. இன்டென்ட் என்பது, ஒன்றை நோக்கி நீட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தேடுபொறியில் இரண்டு சொல் தட்டுகிறவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதுதான் விஷயம். 2002-இல் ஆந்த்ரே ப்ரோடர் என்ற கணினி அறிஞர் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: குறிப்பிட்ட ஒரு தளத்துக்குப் போவது, ஒரு விவரம் தெரிந்துகொள்வது, வாங்குவது பதிவிறக்குவது மாதிரி ஒரு காரியம் முடிப்பது. தேடுபொறியில் பக்கத்தை முன்னால் கொண்டுவரும் வேலையான எஸ்இஓவின் இன்றைய பாடங்களுக்கும் அதுதான் அடிப்படை.

'ஏற்காடு பஸ் டைம்' என்று தேடுகிறவர் சேலம் பஸ் ஸ்டாண்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். வந்து விழும் பக்கமோ 'ஏழைகளின் ஊட்டி' என்று ஆரம்பித்து, ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடான கதை, காபித் தோட்டம் வந்த கதை, 20 கொண்டை ஊசி வளைவு எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் வண்டி கோரிமேட்டைத் தாண்டியிருக்கும். எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. நோக்கம் தப்பிப்போனது, அவ்வளவுதான்.

இங்கே 'உள்நோக்கம்' எங்கிருந்து வந்தது? 'உள்ளே இருக்கும் நோக்கம்தானே, கூட்டிப் பாருங்கள், சரியாக வருகிறது' என்கிறார்கள். சொல் என்ன கூட்டல் கணக்கா? வாயையும் காலையும் கூட்டினால் வாய்க்கால் வந்துவிடுமா? எந்தச் செய்தித்தாளை வேண்டுமானாலும் புரட்டுங்கள். 'அரசியல் உள்நோக்கத்தோடு போடப்பட்ட வழக்கு', 'அமைச்சரின் பேச்சில் உள்நோக்கம் இல்லை'. வெளியே ஒன்று காட்டி மனதுக்குள் வேறொன்று வைத்திருப்பதற்குத்தான் அந்தச் சொல்லை நாம் நேர்ந்துவிட்டிருக்கிறோம். உள்குத்து, உள்ளடி வேலை எல்லாம் அதற்குப் பங்காளிகள். திருக்குறளில் 'உட்பகை' என்று ஓர் அதிகாரமே உண்டு. உள்ளுணர்வு, உள்ளொளி போன்ற நல்ல பிள்ளைகளும் அந்த வீட்டில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் உள்நோக்கத்தின் பெயர் கெட்டு வெகு காலமாகிறது. பாவம், பஸ் நேரம் கேட்டவர் மேல் அதைச் சுமத்தலாமா?

'தேடல் எண்ணம்' என்பாரும் உண்டு. அதில் குற்றமில்லை, உப்பும் இல்லை. எனக்குப் பிடித்தது 'நாட்டம்'. 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளில் தேடுவதும் ஆராய்வதும் அந்த 'நாடு' என்ற வினைக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் இன்றைக்கு 'இசையில் நாட்டம்' என்றால் விருப்பம் என்றே பொருள் கொள்வார்கள். மனசில்லாமல் விட்டுவிட்டேன்.

மிஞ்சுவது வெறும் 'நோக்கம்'. நோக்கு என்றால் பார். கண் எங்கே போகிறதோ அங்கே மனமும் போகிறது. 'தேடல் நோக்கம்' என்றால் பட்டறைக்காரருக்கும் புரிகிறது, பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிறது. வேறென்ன வேண்டும்?

சரி, அந்த நோக்கத்தைக் கண்டுகொண்டு அதற்கேற்ப எழுதும் வேலைக்கு என்ன பெயர்? 'தேடல் உள்நோக்க உள்ளடக்கப் பொருத்தப்பாடு' என்கிறது கையேடு. ஒரே தொடரில் இரண்டு உள். மொழிபெயர்க்கிறவர்கள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பாதி நோய் தீரும். இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை: குறிப்பறிதல். குறளில் இந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, 71-ஆவதும் 110-ஆவதும். 'கூறாமை நோக்கிக் குறிப்பறிவான்' என்று முந்தையது தொடங்குகிறது. வாய்விட்டுச் சொல்லாததை முகம் பார்த்தே அறிகிறவன். பெட்டியில் இரண்டு சொல்லைத் தட்டிவிட்டு மீதியைச் சொல்லாமல் விடுகிறவர் முன்னால் நாம் செய்ய வேண்டியதும் அதுதான். 'தேடல் குறிப்பு' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், சமையல் குறிப்பு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நண்பருக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "கொலுசு தேடி வர்றவங்க முதல்ல என்னங்க கேப்பாங்க?" என்றேன். "எத்தனை டச், எத்தனை கிராம், செய்கூலி எவ்வளவு. வேறென்ன?" என்றார். டச் என்பது வெள்ளியின் சுத்தத்துக்குப் பட்டறைக் கணக்கு. அவருடைய பக்கத்தில் வெள்ளியின் வரலாறு நான்கு பத்தி ஓடியது. அதைக் கீழே தள்ளிவிட்டு இந்த மூன்றையும் மேலே ஏற்றினோம்.

கையேட்டிலும் பதினோரு இடத்தில் 'உள்'ளை அடித்துத் திருப்பி அனுப்பச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: 'எங்கள் சொற்பட்டியலில் இப்படித்தான் உள்ளது. மாற்ற இயலாது.'